தரம் 6 முதல் 9 வரை: சித்திரப் பாடத்துக்குக் கற்றற்பேறு எழுதும் முறை

“மாணவர் நிறங்களை விளங்கிக்கொள்வர்” என்று பாடக்குறிப்பில் எழுதினால், அது நிறைவேறியதா என்பதைப் பாடவேளை முடிவில் எவராலும் சொல்ல முடியாது. ஆகவே, கண்ணால் காணக்கூடிய ஒரு செயலையே கற்றற்பேறாக, அதாவது பாடவேளை முடிவில் மாணவர் செய்துகாட்ட வேண்டியதாக, எழுதுங்கள். தரம் 6இல், சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றை மட்டும் கலந்து, திருகோணமலை டச்சுக் குடாவின் காலைக் கடலுக்குரிய பச்சைநீலத்தை 3 சாயல்களில் பெறுதல் எனலாம். சிவப்பைச் சிறிது சேர்த்தாலே நிறம் மங்கிவிடும்; அதற்குக் கறுப்பு தேவையில்லை என்பதால், கறுப்புப் போத்தலை அன்று ஒளித்து வையுங்கள்.

தரம் 8இல் தொலைவுத் தோற்றத்துக்குக் கன்னியா வெந்நீரூற்று பொருத்தமானது. அங்குள்ள 7 கிணறுகளும் சதுரமானவை. ஆயினும், கட்டின் ஓரத்தில் நின்று பார்ப்பவருக்கு அருகிலுள்ள விளிம்பு நீண்டும் அப்பாலுள்ளது குறுகியும் தெரியும். பிள்ளைகள் பலர் காண்பதை விட்டு, தாம் அறிந்த சதுரத்தையே வரைவார்கள். எனவே, கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, இரு விளிம்புகளையும் ஒப்பிட்டு அளந்து வரைதல் என்பதே இங்கு பேறு; அழகாக வரைதல் அன்று.

தரம் 9இல் பார்த்ததைப் பேசுவதும் சேரட்டும்: கோணேசர் கோயிலின் பெரிய சிவன் சிலையில் கண் முதலில் எங்கே செல்கிறது, ஏன் என்பதை 2 வாக்கியங்களில் விளக்குதல்.

ஒரு பாடவேளைக்கு ஒரு பேறே போதும். 40 நிமிடத்துக்குள் தூரிகை கழுவவும் நேரம் வேண்டுமல்லவா?