கேம்ல லேக் அடிக்குதா? முதல்ல ரவுட்டரைப் பாருங்க

ஸ்பீட் டெஸ்ட்ல 100 எம்பிபிஎஸ் காட்டுது, ஆனா எதிரிய சுட்டா ஒரு செகண்ட் கழிச்சுதான் விழுறான்னா பிரச்சன ஸ்பீட்ல இல்ல, பிங்ல (டேட்டா போய்ட்டு திரும்பி வர்ற நேரம்). பிளான மாத்தி காச கரியாக்காதீங்க. கமாண்ட் பிராம்ப்ட்ட திறந்து ரவுட்டர் அட்ரஸுக்கு (நெறைய ரவுட்டர்ல 192.168.1.1) பிங் அடிச்சு பாருங்க, 2, 3 மில்லிசெகண்ட்ல ஓடிட்டு இருக்கறது திடீர்னு 80, 200னு எகிறுச்சுன்னா குற்றவாளி வீட்டுக்குள்ளயேதான். ரவுட்டர்ல இருந்து கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் ஒண்ண இழுத்து சொருகுங்க, பாதி வியாதி அங்கயே போயிடும். வழியே இல்லன்னா 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, 2.4ல பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ்னு ஒரே சந்தக்கட, ஆனா 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுவர் தாண்டுனா சோர்ந்துடும்.

கேபிள் போட்டும் ராத்திரி மட்டும் லேக்கா? யாராவது போட்டோ பேக்கப் விட்டிருக்காங்களான்னு பாருங்க. அப்லோட் நிரம்புனா பாக்கெட்டெல்லாம் (டேட்டா துண்டுங்க) ரவுட்டர்ல க்யூ கட்டி நிக்கும், உங்க புல்லட்டும் அந்த க்யூவுலதான். இதுக்கு பேரு பஃபர்ப்ளோட். ரவுட்டர் செட்டிங்ஸ்ல எஸ்க்யூஎம் (SQM, அந்த க்யூவ நீளாம பாத்துக்கற வசதி) இருந்தா ஆன் பண்ணி, லிமிட்ட நிஜ ஸ்பீட்ல ஒரு 90% வைங்க, டவுன்லோட் கொஞ்சம் கொறையும், பிங் ஆடாது. கேம் சர்வரே கடல் தாண்டி இருந்தா மட்டும் இதெல்லாம் வேலைக்காகாது, கிட்ட இருக்கற ரீஜனுக்கு மாறுங்க.