பைன் மரத்து இலை பழுக்கிறதா? முதலில் குருத்தைப் பாருங்கள்

நம்ம திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கனடா போய் முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு, செப்டம்பர் கடைசியில் கொல்லையில் நிற்கிற பைன் மரத்தைப் பார்த்து ஒரு பயம் வரும். நான் விடுப்பில் களக்காடு வந்திருந்தபோது அக்கா மகன் டொராண்டோவிலிருந்து வீடியோவில் காட்டினான். "மாமா, பாதி மரம் காஞ்சுபோச்சு, வெட்டிரட்டுமா?" பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, காவோலை விழாத பனை உண்டாலே? குருத்தைப் பாரு" என்றாள்.

அம்மா பைன் மரத்தை நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் அவள் சொன்னதுதான் சரி. எப்போதும் பச்சையாக நிற்கிற மரம் என்றாலும் பைனும் பழைய இலையைக் கழிக்கும். பைனின் இலை ஊசி மாதிரி கொத்துக்கொத்தாக இருக்கும். ஒரு கொத்தில் 5 ஊசி இருந்தால் அது வெள்ளைப் பைன், டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோவின் மாகாண மரம். அதன் ஊசிக்கு ஆயுள் இரண்டு வருஷம் போலத்தான், அதனால் இலையுதிர் காலத்தில் உள்பக்கத்து ஊசியெல்லாம் ஒரேயடியாகப் பழுத்துக் கொட்டும். நுனி பச்சையாக இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள்.

நுனி காய்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். 2 ஊசிக் கொத்துள்ள ஆஸ்திரியப் பைன், ஸ்காட்ஸ் பைன் மாதிரி மரங்களில், அடிக்கிளைகளின் புதுக் குருத்து வளராமல் குட்டையாக நின்று காய்ந்து, பழைய காய்களின் செதிலில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அநேகமாக டிப்ளோடியா என்ற பூஞ்சைதான். மழை ஈரம் இல்லாத நாளில் காய்ந்த நுனிகளை வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, கீழே விழுந்த காய்களையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். ஊரில் கடைக்குப் போய் மருந்து வாங்கி அடிப்பதுபோல அங்கே முடியாது, ஒன்டாரியோவில் 2009 முதல் வீட்டுத் தோட்ட மருந்துகளுக்குக் கடும் கட்டுப்பாடு. உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள், அவரும் வசந்தத்தில் மொட்டு விரியும்போது அடித்தால்தான் பலன். ஏற்கெனவே காய்ந்த ஊசி திரும்பப் பச்சையாகாது.

குளிர் முடிந்ததும் ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும் கருகியிருந்தால் ரோட்டுப் பனியை உருக்கப் போடுகிற உப்புதான் காரணம். உவரிக்காரர்களுக்கு உப்புக்காற்றில் இலை கருகுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரால் கிளையைக் கழுவி, வேர்ப்பகுதியையும் நன்றாக நனைத்துவிடுங்கள். காற்றடிக்கிற பக்கம் கருகினால் மண் உறைந்து வேர் தண்ணீர் எடுக்க முடியாமல் போயிருக்கும், அதற்கு அக்டோபர், நவம்பரில் மண் உறையும் முன்பே ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும், புதிதாக வந்தவர்கள் தவறவிடுவது இதைத்தான். இந்த இரண்டிலும் கிளையை அவசரப்பட்டு வெட்டாதீர்கள், மொட்டு உயிரோடு இருந்தால் ஜூனுக்குள் புதுக் குருத்து வந்துவிடும்.

அப்புறம், டொராண்டோவில் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரம் 30 சென்டிமீட்டர் விட்டமோ அதற்கு மேலோ இருந்தால், சொந்தக் கொல்லை மரமானாலும் நகராட்சி அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. மருமகன் மரம் வெட்ட ஆளே பேசி வைத்திருந்தான், அன்றைக்கே போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.