சுற்றுச்சுவர் ஓரத்து வெறுந்தரைக்குப் படரும் செடிகள்: முதல் முறை நடுபவர்களுக்கு

நர்சரிக்குப் போய் "தரையில படர்ற மாதிரி ஏதாவது குடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் மஞ்சள் பூ பூக்கும் வெடேலியாவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். "சீக்கிரமா மூடிடும் சார்" என்பார்கள். பொய்யில்லை, மூடிவிடும். அப்புறம் நடைபாதையையும் மூடும், பக்கத்தில் நிற்கிற செடியையும் மூடும். தரையைத் தொடுகிற கணுவிலெல்லாம் வேர் விடும். பிடுங்கும்போது அறுந்து மண்ணில் தங்குகிற துண்டும் தனிச் செடியாகிவிடும். உலகின் மோசமான 100 ஊடுருவும் இனங்கள் என்ற பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இலை மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அது வெடேலியா; கீரையாகச் சமைக்க வேண்டாம்.

எனவே வேகமாகப் படருமா என்று கேட்காமல், வேண்டாம் என்றால் சுலபமாக எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். 10 அடி நீளம், 3 அடி அகலமுள்ள ஒரு துண்டு நிலத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம்.

1. வெயிலைப் பாருங்கள்

ஒரு விடுமுறை நாளில் காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு அந்த இடத்தில் வெயில் விழுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பார்த்தது மட்டும் போதாது. நம் ஊரில் ஆனி மாதத்தில் உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே போகும். மார்கழியில் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் சுவரின் வடக்குப் பக்கம் மார்கழியில் நிழலாகவும் ஆனியில் நல்ல வெயிலாகவும் இருக்கும். அங்கே இரண்டையும் தாங்குகிற செடிதான் நிலைக்கும்.

2. செடியைத் தேர்ந்தெடுங்கள்

நாள் முழுக்க வெயில் என்றால் டேபிள் ரோஸ். சிலர் பத்துமணிப் பூ என்பார்கள். வெயில் ஏறினால்தான் விரியும், பிற்பகலில் சுருங்கிவிடும். ஆயுள் குறைந்த செடிதான், ஆனால் அவ்வப்போது நறுக்கி நட்டுக்கொண்டே வந்தால் பாத்தி காலியாகாது. ஊதா இலைக்காரப் பர்ப்பிள் ஹார்ட்டும் வெயிலுக்கு ஏற்றது. நிழலில் வைத்தால் நிறம் மங்கிப் பச்சையாகும்.

பாதி நிழலுக்கு ரியோ. இலையின் மேல்புறம் பச்சை, அடிப்புறம் ஊதா. பக்கக் கன்று விட்டுக் குத்தாக வளருமே தவிர ஓடாது. வடக்குச் சுவரோரத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இடையிடையே ரெயின் லில்லிக் கிழங்குகளைப் புதைத்தால் மழைக்குப் பின் பூ தூக்கும். அந்தக் கிழங்கு சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் விஷம். சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்.

ஈரம் நிற்கிற, கால் படுகிற இடமா? பொடுதலை போதும். வரப்பிலும் குளக்கரையிலும் தானாக முளைக்கிற செடி என்பதால் யாரும் மதிப்பதில்லை. தரையோடு ஒட்டிப் படரும், லேசாக மிதித்தால் தாங்கும், குட்டிப் பூக்களுக்குத் தேனீ வரும். இதுவும் ஓடும் என்பதால் ஓரத்தில் செங்கல்லைப் பாதி புதைத்து எல்லை கட்டிவிடுங்கள்.

3. மண்

சுவரோரம் என்றாலே பூச்சு உதிரி, ஜல்லி, சிமென்ட் கட்டி எல்லாம் இருக்கும். ஓரடி ஆழம் கொத்திப் பொறுக்கிவிடுங்கள். கோரை இருந்தால் மேலே பிடுங்குவது வீண். கிழங்கு ஒன்றோடொன்று கோத்தபடி கீழே போகும். மண்வெட்டியால் வெட்டாமல் கடப்பாரையால் நெம்பிக் கையால் எடுங்கள். பிறகு தண்ணீர் விட்டு இரண்டு வாரம் சும்மா போடுங்கள். தங்கிய கிழங்கு முளை காட்டும், அதையும் எடுத்துவிட்டு மக்கிய தொழு உரத்தை ஒரு அங்குலக் கனத்துக்குப் பரப்பிக் கிளறுங்கள். இந்த வேலையை அவசரப்படுத்தினால் பிறகு செடிகளுக்கு நடுவே கோரையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

4. எத்தனை செடி?

நம் துண்டு 30 சதுர அடி. முக்கால் அடிக்கு ஒன்று என்றால் சுமார் 53 வேண்டும். அத்தனையும் வாங்காதீர்கள். ஐந்தாறு தொட்டி வாங்கி, நறுக்கிப் பெருக்கிக்கொள்ளலாம்.

5. நறுக்கி நடுதல்

பர்ப்பிள் ஹார்ட் தண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். இலை தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கிற இடம்தான் கணு. வேர் அங்கிருந்துதான் வரும். நான்கைந்து விரல்கடை நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். கீழே இருக்கிற இரண்டு இலைகளைத் தோல் கிழியாமல் உரித்துவிட்டு, அந்த இரண்டு கணுவும் மண்ணுக்குள் போகும்படி நட்டு, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். டேபிள் ரோஸுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், ஒடித்துச் செருகினாலே பிடிக்கும். ரியோவைக் கன்றாகப் பிரித்து நட வேண்டும். ரெயின் லில்லிக் கிழங்கு இரண்டு அங்குல ஆழத்தில், முனை மேலே பார்க்க.

ஆடிப் பட்டத்தில் நட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். மாலையில் நடுங்கள்.

6. நட்ட பிறகு

முதல் சில மாதம் இடைவெளியில் களை வரத்தான் செய்யும். காய்ந்த இலையைப் பரப்பினால் பாதி குறையும். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பிடுங்கினால் மீதியும் போகும். வேர் பிடிக்கும்வரை தினமும் தண்ணீர். அப்புறம் விரலை ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். டேபிள் ரோஸ் வெயிலில் சாவதை விட அதிகத் தண்ணீரில் அழுகுவதே அதிகம்.

மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தை வந்தால் இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். வெறுங்கை கூடாது, ஒட்டுண்ணி இருக்கலாம்.

பாம்பு வருமா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வாசல் ஓரத்திலும் நடைபாதை ஓரத்திலும் டேபிள் ரோஸ், பொடுதலை மாதிரித் தாழ்ந்தவற்றை மட்டும் வையுங்கள். ரியோ அடர்ந்துவிட்டால் தை மாதத்தில் கீழே காய்ந்த இலைகளை உரித்து, நெருக்கமான கன்றுகளைப் பிரித்து எடுங்கள். அடி வெளிச்சமாகிவிடும், எடுத்த கன்றுகளை அடுத்த துண்டில் நடலாம்.