ஆடி முடிவதற்குள் நான்கு அவரை
மதுரையில் மொட்டை மாடி இருக்கிறவர்கள் ஆடி முடிவதற்குள் நான்கு கொடி அவரை விதையாவது ஊன்றிவிடுங்கள். நாட்டுக் கொடி அவரை பகல் பொழுது குறைந்த பிறகுதான் பூக்கும், அதனால் புரட்டாசியில் வெறும் இலையாகத் தழைத்து நிற்கிறதே என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள் (நான் ஒரு வருடம் அதைத்தான் செய்தேன்), கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

நன்றாகக் கழுவிய காலி பெயிண்ட் வாளி போதும். ஓட்டையை அடியில் போடாமல் பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் போட்டால் கொஞ்சம் தண்ணீர் உள்ளே தங்கும், ஆடிக் காற்றுக்கு மண் சீக்கிரம் காயாது. ஐப்பசி மழையில் ஓட்டை அடைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த தண்ணீர் ஊற்றலாம், உப்புப் போட்டு வடித்த கஞ்சி வேண்டாம். அசுவினி (கொழுந்தில் அப்பிச் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், அப்புறம் வேப்பெண்ணெய்.