நொய்யல்: நிறத்தைப் பார்த்து உப்பைக் கோட்டைவிடாதீர்கள்

தண்ணீர் மாசு என்றதும் கண்ணில் படுவது நிறம்தான். அது போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. நொய்யல் ஆற்றங்கரையில் சாயப்பட்டறைகள் நிறைந்த திருப்பூரில் நடந்தது அதுதான்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அடர் நிறமென்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல்கூடப் போடுவார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும், மிச்சம்தான் கழிவுநீரின் நிறம். உப்போ கிட்டத்தட்ட முழுவதும் கழிவுநீரிலேயே நின்றுவிடும். ஆரம்பகாலப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு, ஃபெரஸ் சல்பேட் போட்டு நிறத்தை எடுத்தன. உப்பு அப்படியே நொய்யலுக்குப் போனது.

அடுத்த தவறு, லிட்டர் கணக்கை மட்டும் நம்புவது. கரைந்த உப்புக்கு வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். நல்ல தண்ணீரைக் கலந்தால் இந்த எண் இறங்கிவிடும், ஆனால் ஆற்றில் சேரும் உப்பு ஒரு கிராம்கூடக் குறையாது. ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை டன் உப்பு இறங்குகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

ஆற்றை மட்டும் பார்த்து நிலத்தடி நீரை மறப்பது இன்னும் மோசம். திருப்பூருக்குக் கீழே நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. மேலே சாயப்பட்டறைகள் பெருகப் பெருக, அணை கழிவுத் தேக்கமாகிவிட்டது. தேங்கியது மண்ணில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாகின. தண்ணீர் கேட்க வேண்டிய விவசாயிகளே, அணையில் தேக்காதீர்கள் என்று போராடினார்கள். எவ்வளவு கொடுமை! ஒரு வெள்ளம் வந்தால் ஆறு தெளிந்துவிடும். கிணறு அவ்வளவு சீக்கிரம் தேறாது.

சரி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே அவை திறந்தன. உப்பைச் சவ்வால் வடிகட்டிப் பிரிக்கும் ஆர்ஓவும் ஆவியாக்கும் இயந்திரமும் தண்ணீரை மீட்டுத் தருகின்றன. ஆனால் பிரித்த உப்பு எங்கே போகும்? மறுபடி சாயமேற்றப் பயன்படும் உப்புக்கரைசல் போக, கலவை உப்பு குவியலாக மிஞ்சுகிறது. அதற்கு வழி சொல்லாத திட்டத்தை ஏற்கவே கூடாது என்பேன்.

அப்புறம், இந்த இயந்திரங்கள் ஓட ஆகும் மின்கட்டணம். அது கழுத்தை நெரித்தால், மழை ராத்திரியில் கழிவைத் திறந்துவிடத் தோன்றும். பகலில், வெயிலில் மட்டும் ஆற்றுநீர் மாதிரி எடுத்தால் அது கணக்கிலேயே வராது. மழை பெய்யும்போதும் எடுங்கள். கரையோரக் கிணறுகளிலும் எடுங்கள்.