மீதிக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

ஒரு சென் நாணயம் வெளியிடுவது 2008 ஏப்ரல் 1-இல் நின்றதிலிருந்து, மலேசியாவில் ரொக்கமாகக் கட்டும் பில் தொகை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு மாறிவிடும். தொகையைச் சென்னாக எழுதி 5-ஆல் வகுத்தால் மீதி 1, 2 வந்தால் இறங்கும்; 3, 4 வந்தால் ஏறும். மட்டு எண்கணிதம், அதாவது மீதியை வைத்துப் போடும் கணக்கு (வகுக்கும் எண்ணுக்குத்தான் மட்டு என்று பெயர்), என்று தனியாகப் பயப்பட ஒன்றுமில்லை, கல்லாவில் தினமும் நடப்பதுதான்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டியூஷனுக்கு வரும் நான்காம் படிவப் பிள்ளைகளுக்கு இதையே கணக்காகக் கொடுப்பேன். 1.22 ரிங்கிட் விலையில் மூன்று பொருள். எவ்வளவு கட்ட வேண்டும்? ஒவ்வொன்றையும் 1.20 ஆக்கி, 3.60 என்று சொல்லிவிடுவார்கள் பாதிப் பேர். கடையில் கேட்பதோ 3.65. கடைக்காரர் ஏமாற்றவில்லை. மாற்றுவது மொத்தத் தொகையைத்தான், பொருளுக்குப் பொருள் அல்ல. ஒவ்வொன்றிலும் மீதி 2. மூன்றும் சேர்ந்தால் 6. அதற்குள் இன்னொரு 5 இருக்கிறதே! அதையும் எடுத்தால் மீதி 1. ஆகவே 366 சென் 365 ஆகிறது. மீதிகளைக் கூட்டலாம், பெருக்கலாம். நடுவழியில் தூக்கிப் போடக் கூடாது. இன்னொரு கூட்டம் மீதி 6 என்றே எழுதிவிட்டுப் போகும். 5-ஆல் வகுத்தால் மீதி 0 முதல் 4 வரைதான்.

கால்குலேட்டர் செய்யும் வம்பு வேறு. 1000-ஐ 7-ஆல் வகுத்தால் 142.857 என்று காட்டும். மீதி 857 என்றோ 8 என்றோ எழுதுவார்கள். முழு எண்ணை மட்டும் எடுங்கள்: 142 × 7 = 994. மீதி 6.

தமிழ்ப்பள்ளியில் 'மீதி' என்று படித்தவர்களுக்கு இடைநிலைப்பள்ளியில் அதுவே 'பாக்கி' ஆகிறது. மலாய்ச் சொல்தான், நம் கடன் பாக்கிக்கும் அதற்கும் வேர் ஒரே அரபுச் சொல். கடையில் பாக்கி என்றால் திருப்பித் தரும் சில்லறை; 10 கொடுத்து 3.65 போனால் 6.35. அது கழித்தலில் வருவது, வகுத்தலில் மிஞ்சுவது அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் சில பிள்ளைகள் குழம்புகிறார்கள், பாவம்.

கிழமைக் கணக்கில் எண்ணத் தொடங்கும் இடமே தகராறு. 1-ஆம் தேதி திங்கள் என்றால் 31-ஆம் தேதி என்ன கிழமை? 31-ஐ 7-ஆல் வகுக்கிறார்கள். நடுவே கடந்தவை 30 நாள்கள். மீதி 2, ஆகவே புதன்.

பின்னோக்கிப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த 1957 ஆகஸ்டு 31 ஒரு சனிக்கிழமை. அதற்கு 100 நாள் முன்பு? மீதி 2 என்று கண்டுபிடித்து, முன்னோக்கிப் போய்த் திங்கள் என்பார்கள். பின்னோக்கி இரண்டு நாள் வந்தால் வியாழன். எதிர்ம எண்ணாகவே செய்ய வேண்டுமென்றால், -100-க்குக் கீழே உள்ள 7-இன் மடங்கைப் பிடியுங்கள்: -105. அங்கிருந்து 5 ஏறினால் -100, ஆக மீதி 5. சனியிலிருந்து ஐந்து நாள் முன்னோக்கிப் போனாலும் அதே வியாழன்தான். இதில் கணினியை நம்பிவிடாதீர்கள். நிரல் மொழிகளில் மீதி காணச் சதவீதக் குறி போட்டு -100 % 7 என்று எழுதினால் பைத்தான் 5 என்கும், ஜாவாவும் சியும் -2 என்கும். மட்டு 7-இல் இரண்டும் ஒன்றே, ஆனால் அந்த -2-ஐ அப்படியே பட்டியல் இடமாகப் பயன்படுத்தினால் நிரல் படுத்துவிடலாம்.

வகுத்தலுக்குக் கூட்டல் பெருக்கலின் சலுகை கிடையாது. 14-ஐயும் 8-ஐயும் 6-ஆல் வகுத்தால் இரண்டிலும் மீதி 2. இரண்டையும் பாதியாக்கினால் 7, 4. மீதி 1, 4. பொருத்தம் போச்சு. 2 என்பது 6-க்கும் பொதுக் காரணி என்பதால் வந்த வினை. மட்டான 6-உம் பாதியாகி 3 ஆனால் மறுபடி ஒத்துப்போகும்.

அடுக்கும் அப்படித்தான். 2-இன் 10-ஆம் அடுக்கை 7-ஆல் வகுக்க, 10-ஐ 3 ஆக்கி, 8, மீதி 1 என்பார்கள். 1024-இல் 1022 போக மீதி 2. அடுக்கை 7-ஆல் அல்ல, 6-ஆல் குறைக்க வேண்டும்: 10 என்பது 4 ஆகும், 16-இல் 14 போக 2. பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640-இல் சொன்னது இது. மட்டு பகா எண்ணாகவும், அடிமானம் (இங்கே 2) அதன் மடங்காக இல்லாமலும் இருந்தால் மட்டுமே செல்லும்.