ஒரு நம்பிக்கையை நாற்பது நாள் கணக்குப் பார்ப்பது எப்படி

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நானும் என் நாத்தனாரும் இன்னும் இரண்டு பெண்களும் பலகாரம் போடுகிறோம். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் என்று வருஷம் முழுவதும் வேலை இருக்கும். கோகுலாஷ்டமி நெருங்கினால் உருண்டைச் சீடைதான். அப்படி ஒரு காலையில் பக்கத்து வீட்டு ஆச்சி அடுப்படி வாசலில் வந்து நின்று, "எம்புட்டுச் சீடை!" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஈடு வெடித்தது. எண்ணெய் தெறித்து, வேலை செய்த பெண்ணுக்கு முழங்கை வரை கொப்புளம்.

அன்று சாயங்காலம் நாத்தனார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். மறுநாளிலிருந்து அடுப்புப் பற்றவைத்ததும் பின்கதவைச் சாத்தினோம். ஆச்சிக்கு எண்பது வயது. பிள்ளைகள் எல்லாரும் வெளியூர். அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருப்பவர், பேச ஆள் தேடித்தான் எங்களிடம் வருவார். இரண்டு வருஷம் அந்தக் கதவு சாத்தியே இருந்தது. நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஆச்சி கண் பட்டுத்தான் சீடை வெடிக்கிறதா என்று ஒரு நாள்கூடக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது. அதனால்தான் இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

முதலில், மனசு இந்த நம்பிக்கையை எப்படிக் கற்றுக்கொண்டது என்று பார்த்துவிடலாம். பி.எட். படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஒரு சோதனை, இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் பசித்த எட்டுப் புறாக்களைக் கூண்டில் விட்டார். அவை எதைச் செய்தாலும், செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தீனி தானாக வரும். கொஞ்ச நேரத்தில் ஒரு புறா கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பித்தது. இன்னொன்று கூண்டின் மேல்மூலையைப் பார்த்துத் தலையை நீட்டி நீட்டி இழுத்தது. எட்டில் ஆறு புறாக்களிடம் இப்படி ஒரு சடங்கு தெளிவாகத் தெரிந்ததாக அவர் எழுதினார். தீனி வந்த நேரத்தில் தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதனால்தான் தீனி வந்தது என்பதுபோல் புறா நடந்துகொண்டது என்பது அவர் விளக்கம். 1971-ல் ஸ்டாடன், சிம்மல்ஹாக் என்ற இருவர் இதே சோதனையை இன்னும் நுணுக்கமாகக் கவனித்தார்கள். தீனி வரும் நேரம் நெருங்கும்போது புறாக்கள் எல்லாம் கொத்துவது போன்ற ஒரே மாதிரிச் செயலையே செய்தன. அதனால் தற்செயல் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்றார்கள். ஸ்கின்னர் சொன்னதையும் ஒருவர் திரும்பக் கணக்குப் பார்த்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்துப் படிந்த பழக்கம், தீனி நின்றதும் சீக்கிரம் விட்டுப்போகும். எப்போதாவது மட்டும் கிடைத்துப் படிந்த பழக்கம் லேசில் போகாது. எங்கள் சீடை தினமும் வெடித்திருந்தால் நாங்களே வேறு காரணம் தேடியிருப்போம். எப்போதாவது வெடித்ததால்தான் ஆச்சியின் கண்தான் காரணம் என்ற நம்பிக்கை அப்படி நிலைத்தது.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும்.

நம்பிக்கையை, பொய்யாகக்கூடிய ஒரே வாக்கியமாக எழுதுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். "ஆச்சி கண் ஆகாது" என்று எழுதினால் அதை எதுவும் அசைக்காது. ஆச்சி வராத நாளில் சீடை வெடித்தால், "முந்தாநாள் பார்த்தாரே" என்போம். வந்த நாளில் வெடிக்காவிட்டால், "இன்றைக்கு நல்ல மனசோடு வந்திருப்பார்" என்போம். இரண்டையும் நாங்கள் உண்மையாகவே சொல்லியிருக்கிறோம். கடைசியில் நான் எழுதியது இது: "முதல் ஈடு போடும் முன் ஆச்சி அடுப்படிக்கு வந்தால், அன்று கடைசி ஈடு எடுப்பதற்குள் ஒரு சீடையாவது எண்ணெய் தெறிக்க வெடிக்கும்." எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எதை வெடிப்பு என்று சொல்வது, எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிட வேண்டும்.

அப்புறம், முடிவு தெரிவதற்கு முன்னால் எழுதுங்கள். ஆச்சி வந்தாரா இல்லையா என்பதை அடுப்புப் பற்றவைக்கும்போதே குறித்துவிடுவேன். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால், வெடித்த நாளில் எல்லாம் ஆச்சி வந்ததாகவே ஞாபகம் வரும்.

அடுத்தது நாலு கட்டம். என் அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளை. வரவுப் பக்கத்தை மட்டும் எழுதுகிறவன், தான் பணக்காரன் என்று நினைத்துக்கொண்டே கடையை மூடுவான் என்பார். நம்பிக்கைகளுக்கு நம் மனசு வைத்திருப்பது அப்படி ஒரு பக்கப் பேரேடுதான். வந்தார், வெடித்தது: இது மட்டும் அதில் ஏறும். வந்தார், வெடிக்கவில்லை; வரவில்லை, வெடித்தது; வரவில்லை, வெடிக்கவில்லை: இந்த மூன்றும் வந்த சுவடே இல்லாமல் போய்விடும். நான்கையும் எழுதினால்தான் ஐந்தொகை போட முடியும். படித்தவர்களுக்கும் இதே கதிதான். 1963-ல் யான் ஸ்மெட்ஸ்லுண்ட் என்ற உளவியலாளர் நர்சுகளிடம் நூறு நோயாளிச் சீட்டுகளைக் கொடுத்தார். ஒரு அறிகுறிக்கும் ஒரு நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்பது கேள்வி. அறிகுறி இருந்த 70 பேரில் 37 பேருக்கு நோய், அறிகுறி இல்லாத 30 பேரில் 17 பேருக்கு நோய். வகுத்துப் பாருங்கள், இரண்டும் பாதிக்குச் சற்று மேல்தான். இருந்தும் பெரும்பாலானவர்கள் தொடர்பு இருக்கிறது என்றே சொன்னார்கள். அந்த 37 சீட்டுதான் அவர்கள் கண்ணில் நின்றது.

இனி கதவைத் திறக்க வேண்டும். இதுதான் கஷ்டம். கதவைச் சாத்தி வைத்தவரைக்கும் எங்கள் நம்பிக்கை ஒரு நாளும் சோதனைக்கு வரவில்லை. வெடிக்காத நாளெல்லாம் கதவு சாத்தியதன் பலனாகவே தெரிந்தது. 1960-ல் லண்டனில் பீட்டர் வேசன் 29 பேரிடம், 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன, வேறு எண்களைச் சொல்லிக் கேட்டு அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலர் 8, 10, 12 போலத் தாங்கள் நினைத்த விதிக்குப் பொருந்தும் எண்களையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். விதியோ, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். முதல் பதிலிலேயே சரியாகச் சொன்னவர்கள் ஆறு பேர். நான் ஒன்பதாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். "இல்லை" என்று பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்கப் பிள்ளைகளுக்கு மனசே வராது.

அதனால் காலையில் காசு சுண்டினேன். பூ விழுந்தால் ஆச்சியை நானே போய்க் கூப்பிடுவது, தலை விழுந்தால் கூப்பிடாமல் இருப்பது. நம் இஷ்டத்துக்கு நாள் பார்த்தால், மாவு சரியில்லாத நாளாகப் பார்த்துக் கூப்பிடுவோம். முதல் நாள் கூப்பிட்டபோது, "என்ன ஆத்தா, அடுப்படிக்கே கூப்பிடுறே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வேலை செய்கிறவர்களுக்கு நீளக் கரண்டியும் கைக்கு உறையும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். சோதனை யாரையும் காயப்படுத்தக் கூடாது.

நாற்பது நாளில் ஆச்சி வந்தது 19 நாள், அதில் வெடித்தது 6. வராதது 21 நாள், அதில் வெடித்தது 7. இரண்டும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கின்றன. நாத்தனார் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தானே எழுந்துபோய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கினார்.

ஒரு காரணத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். காலியாக விட்டால் பழையதே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். கதவு ஏன் சாத்தியிருந்தது என்று ஒரு நாள் ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஆத்தா உளுந்து மாவை ரெண்டு தடவை சலிப்பாக. உருட்டுனத வேட்டித் துணியில போட்டு உலத்துவாக" என்றார். விஷயம் அதுதான். இறுக்கி உருட்டிய உருண்டையில் ஈரம் நின்றுவிட்டால், மேல் ஓடு இறுகிய பிறகு உள்ளே ஆவி கட்டி, வெளியேற வழியில்லாமல் பிளக்கிறது. மாவில் குருணை இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம். முதல் இரண்டு வாரம் சலிப்பது மட்டும், அப்புறம் துணியில் உலர்த்துவது, அப்புறம் இறுக்காமல் உருட்டுவது. எல்லாம் சேர்ந்த பிறகு வந்த நாற்பது நாளில் இரண்டே தடவைதான் வெடித்தது.

நீங்கள் தொடங்கும்போது அடிக்கடி நடக்கிற, சின்ன விஷயமாக எடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பதை நாலு கட்டத்தில் போட்டுப் பார்க்க ஆயுசு போதாது. சாமி விஷயத்தில் தொடங்க வேண்டாம். மாமியாருடைய நம்பிக்கையிலும் தொடங்க வேண்டாம். உங்களுடையதிலேயே ஒன்றை எடுங்கள். யார்மேலாவது பழி விழுகிற நம்பிக்கை உங்களிடம் இருந்தால், அதை முதலில் எடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எத்தனை நாள் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அதுவரைக்கும் கூட்டிப் பார்க்காதீர்கள். இடையில் கூட்டினால், நமக்குப் பிடித்த எண் வந்ததும் போதும் என்று நிறுத்திவிடத் தோன்றும். இப்போது நாத்தனார் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை பிடித்த ஆர்டரில் பணம் இழுபறி ஆகாது என்பது வாக்கியம். பதினோரு ஆர்டர் ஏறியிருக்கிறது, நாற்பதுக்கு இன்னும் இருபத்தொன்பது பாக்கி. நோட்டு மாவுச் சல்லடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.